வடிகட்டியின் ஒரே தப்பு

பகலில் அவன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். கடையைப் பூட்டிய பிறகு வடிகட்டி.

அந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டதாகச் சொன்னால் கோபித்துக்கொள்வான். வாசகர்கள் ஆசையாக வைத்தது என்பான். இருக்கட்டும். தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் கன்சோல் விளையாட்டுகளைப் பற்றி இணையத்தில் அவன் ஒரு பக்கம் நடத்திவந்தான். எந்த விளையாட்டு எப்போது வெளிவரும், எதைப் பாதியில் கிடப்பில் போட்டுவிட்டார்கள், அடுத்த கன்சோல் எப்படி இருக்கும் என்று ஊர் உலகமே வாயில் போட்டு மெல்லும் வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, சலித்து, முத்திரை குத்துவான். நம்பலாம் என்றால் ‘கொதிக்குது’. பொறுத்துப் பார்க்கலாம் என்றால் ‘ஆறட்டும்’. கட்டுக்கதை என்றால் ‘ஊசிப்போச்சு’.

இதற்கெல்லாம் உள்ளே ஆள் வேண்டாம், கண் இருந்தால் போதும் என்பது அவன் கட்சி. ஒரு நிறுவனம், பனியை நன்றாக வரையும் ஓவியர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருக்கும். அவர்கள் கையில் இருப்பது பாலைவன விளையாட்டுதானே, பனி எதற்கு என்று இவன் யோசிப்பான். குரல் கொடுக்கும் நடிகை ஒருத்தி பேட்டியில், தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்தினேன் என்று சிரிப்பாள். அவள் கடைசியாகக் குரல் கொடுத்த விளையாட்டில் கத்துகிற காட்சியே கிடையாது என்பது இவனுக்கு நினைவிருக்கும். எந்த வயதினர் ஆடலாம் என்று விளையாட்டுகளுக்குச் சான்றிதழ் தருகிற வாரியத்தின் தளத்தில் ஒரு புதுப் பெயர் காலையில் தோன்றி மத்தியானம் காணாமல் போகும். அதற்குள் இவன் பார்த்திருப்பான். இப்படித் துப்புத் துலக்கிக் குத்திய முத்திரை ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் அதையே போட்டும் வைத்திருந்தான்: ‘குத்திய முத்திரை மாறியதில்லை.’

கர்வமா என்றால் கர்வம்தான், அதை அவனும் மறைத்ததில்லை. கண்ணாடி வாங்க வந்த யாராவது முகத்தை உற்றுப் பார்த்து, “நீங்கதானே அந்த வடிகட்டி?” என்று கேட்டுவிட்டால் போதும். அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. அந்த ஆளின் கண்ணாடிக்கு மட்டும் திருகாணியை இரண்டு தடவை சரிபார்ப்பான்.

அவனுக்கு ஆகாத ஆள் ஒருவர் உண்டு. அவர் பக்கத்தின் பெயர் தண்டோரா. பெயருக்கேற்ற ஆள். காதில் விழுந்தது, விழாதது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே இருப்பார். பத்து அடித்தால் ஒன்று பலிக்கும். பலித்த ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆடுவார். மீதி ஒன்பதை அழித்துவிடுவார். வாசகர் கூட்டம் என்னவோ அவருக்குத்தான் அதிகம். அதை நினைத்தால் வடிகட்டிக்கு வயிறு எரியும்.

இருவருக்கும் பெரிய சண்டை ‘மேகவாசல்’ என்கிற விளையாட்டைப் பற்றித்தான். விளக்கு ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் மலை மலையாக ஏறுவாள், அவ்வளவுதான் கதை. வாளும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. பிடி கிடைக்கிறதா, கை தாங்குமா என்பதே போராட்டம். மூன்று பாகங்கள் வந்து சக்கைப்போடு போட்டன. மூன்றாம் பாகத்தின் முடிவில் அவள் ஒரு முனையில் நின்று மேகத்தைப் பார்ப்பாள். அதோடு சரி. வருடங்கள் ஓடிவிட்டன, நான்காவது பற்றிப் பேச்சே இல்லை. அது செத்துப்போய்விட்டது என்றார் தண்டோரா. சாகவில்லை, வரும் என்று தனி ஆளாக நின்றான் வடிகட்டி. அதைச் செய்த நிறுவனம் பனி வரைகிற ஓவியரை வேறு எதற்குத் தேடுகிறது என்று கேட்டான். ஆறிப்போன அடுப்பில் உலை வைத்துக் காத்திருக்கிறான் என்று அவனைக் கேலி செய்தார்கள்.

இனி அவன் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனே விடமாட்டான்.

விளையாட்டில் அவனைவிட அவள் பல மடங்கு கெட்டிக்காரி. இவன் ஒரு பாறையில் தொங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று திருதிருவென விழிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டே “இடது, மேல, இப்ப விடு” என்பாள். அதே கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையும் கிடைத்தது. வெளிவராத விளையாட்டுகளைச் சோதித்துப் பார்த்து, எங்கே சிக்குகிறது, எங்கே விழுகிறது என்று எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். எந்த விளையாட்டு என்பது வாசலைத் தாண்டி வரக்கூடாது. சேர்ந்த அன்றே, வீட்டில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மறைக்காமல் சொன்னாள். மேலாளர் வடிகட்டியின் வாசகராம். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். சிரித்து முடித்துவிட்டு, “ஒரு வார்த்தை வெளிய போனாலும் மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவோம்” என்றும் சொல்லிவைத்தார்.

அன்று வீட்டில் அண்ணனும் தங்கையும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அவள் சொல்ல மாட்டாள், இவன் கேட்க மாட்டான். சொந்த வீட்டுக்குள்ளேயே புதையல் இருந்தும் தோண்டாதவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று அதிலும் அவனுக்கு ஒரு பெருமை. அவர்களுடைய அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். “எல்லாரும் ரிமோட்டத் தட்டுறீங்க. அதுல என்னடி ராணுவ ரகசியம்?” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொழுது போகாமல் மேகவாசலின் மூன்றாம் பாகத்தை எடுத்து இருவரும் மாறி மாறி விளையாடினார்கள். எத்தனையோ முறை முடித்த விளையாட்டு. தங்கைக்கு அதில் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

அவள் முறை வந்தது. உடைந்த பாலத்தின் ஓரத்துக்கு நாயகியை ஓட்டிக்கொண்டு போனாள். அந்த இடத்தில் கீழே இறங்கி, சுவரைப் பிடித்துச் சுற்றி வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இவள் நேராக ஓடி வெற்று வெளியில் குதித்தாள். நாயகி கல்லைப்போல் விழுந்தாள்.

“என்ன வாலு, தூக்கமா?” என்றான்.

“கை வழுக்கிடுச்சு” என்றாள்.

மறுபடி ஏறினாள். வேறொரு முனை, வேறொரு பள்ளம். மறுபடி குதித்தாள், மறுபடி விழுந்தாள். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சதா லென்ஸின் கீறலைத் தேடிப் பழகிய கண் அது, சின்னப் பிசகைக்கூட விடாது. மூன்றாவது தடவையும் அவள் ஓடிக் குதித்தபோது, கட்டைவிரல் என்ன செய்தது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட்டான். குதிக்கும் பட்டனை அழுத்தினாள். நாயகி காற்றில் இருக்கும்போதே அதே பட்டனை இன்னொரு தடவை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டாள். மூன்று பாகங்களில் எதிலும் இரண்டாவது அழுத்தலுக்கு வேலையே கிடையாது. ஆனால் அந்த விரல் ஏதோ நடக்கும் என்று நம்பிக் காத்திருந்தது. மாதக்கணக்கில் பழகினால்தான் விரல் அப்படி நம்பும்.

நான்காம் பாகம் இருக்கிறது. அதில் அவள் குதித்தால் விழமாட்டாள். மிதப்பாள். அதைத் தங்கை தினமும் அலுவலகத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். இத்தனை வருடமாகத் தனியாகக் கத்தியது வீண் போகவில்லை. குதிக்க வேண்டும்போல் இருந்தது, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

“ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. தாகம்.”

“அப்ப தம்ளரத் தொறந்து வச்ச குழாய்க்குக் கீழ பிடி. பக்கத்துல பிடிச்சா எப்படி ரொம்பும்?”

திரும்பி வந்தபோது தங்கை வேறு விளையாட்டுக்கு மாற்றியிருந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன் பிறகும் பேசவில்லை.

அதோடு போயிருந்தால் இது ஒரு கதையே இல்லை. வடிகட்டி தன் ரகசியத்தை மனதுக்குள் வைத்து, கண்ணாடிக்கடையில் தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தான். முதலாளி, “என்ன தம்பி, வீட்ல பொண்ணு பாக்குறாங்களா?” என்றுகூடக் கேட்டார். மேகவாசலைப் பற்றி எழுதாமல் இருந்தாலே போதும், நாள் வரும்போது உலகம் தானாகத் தெரிந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டவர் தண்டோரா.

ஒரு காலைப்பொழுதில் அவர் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘மேகவாசல் நான்கு வருகிறது. நாயகி துணி விரித்துக் காற்றில் மிதப்பாள். நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்த செய்தி.’ செத்துப்போய்விட்டது என்று வருடக்கணக்காகத் தண்டோரா போட்ட அதே வாய். அது பற்றி அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. எங்கிருந்து கிடைத்தது என்றும் சொல்லவில்லை.

அவ்வளவுதான், வாசகர்கள் வடிகட்டியின் பக்கத்தில் வந்து குவிந்துவிட்டார்கள். ‘வடிகட்டி, முத்திரை எங்கே?’ ‘கொதிக்குதா, ஊசிப்போச்சா?’ ‘நீங்கள் ஏங்கின விளையாட்டு ஆயிற்றே, ஏன் வாயைத் திறக்கவில்லை?’

அன்று மாலை தங்கை வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. காலணியைக் கழற்றாமல் கூடத்தில் பாதி தூரம் நடந்துவிட்டு, பிறகு நினைவு வந்து திரும்பிப் போய்க் கழற்றினாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“அவ ஆபீஸ்ல எல்லார் போனையும் வாங்கி வச்சிட்டாங்களாம்டா. மத்தியானம் நான் கூப்பிட்டேன், எடுக்கல. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம். இவளத்தான் மொதல்ல கூப்பிட்டாங்களாம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. ஏதாவது திருட்டுப் போச்சாடா அங்க?”

“அப்படித்தான் இருக்கும்மா” என்றான். ஏன் முதலில் அவளைக் கூப்பிட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

மறுநாள் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லென்ஸை இயந்திரத்தில் வைத்தான். சுற்றி நின்றதும் எடுத்துப் பார்த்தால் கோணம் மாறி வெட்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அவன் கெடுத்த முதல் லென்ஸ். முதலாளி அதைக் கண்ணில் வைத்துப் பார்த்து, “இதப் போட்டா ரோடு மேல ஏறுதே தம்பி” என்றார். அவன் மன்னிப்புக் கேட்டு இன்னொன்றை எடுத்தான்.

இந்த வதந்திக்கு ‘கொதிக்குது’ என்று குத்தினால் தங்கை தொலைந்தாள். அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கேள்வி போதும், வேலை போய்விடும். அதற்குப் பிறகு அந்தத் தொழிலிலேயே யாரும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். ‘ஆறட்டும்’ என்று மழுப்பினால்? அவன் வாசகர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. துப்புத் துலக்கச் சொல்லிக் கொடுத்ததே அவன்தானே. வருடக்கணக்காக இந்த விளையாட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் இன்று பட்டும் படாமலும் பேசினால், ஏதோ தெரிந்திருக்கிறது என்று மூக்கு வேர்த்துவிடும். ஒன்றுமே எழுதாமல் இருந்தாலோ கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு ஒருவன் பேசுவதைவிட வாயை மூடிக்கொள்வதுதான் பெரிய செய்தி. ஏற்கெனவே ஒருவன் எழுதியிருந்தான்: ‘வடிகட்டி அடைத்துக்கொண்டது. அப்படியானால் உள்ளே ஏதோ இருக்கிறது.’

மத்தியானம் கடையின் பின்னறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் தன்னையே கேட்டுக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாமல் இருந்திருந்தால்? அவள் விழாமல் இருந்திருந்தால்? இந்தச் செய்தியைப் பார்த்து நான் என்ன சொல்லியிருப்பேன்?

பதில் உடனே வந்தது. சிரித்திருப்பான். மேகவாசலில் மிதப்பதா? பிடி, வழுக்கல், கை வலி, மறுபடி பிடி, இதுதானே அந்த விளையாட்டின் உயிர். அதை உருவாக்கியவரே ஒரு பேட்டியில், பறக்கத் தெரிந்தவளுக்கு மலை எதற்கு என்று கேட்டிருக்கிறார். அந்த வரி அவனுக்கு மனப்பாடம். அடித்துச் சொல்லலாம், ‘ஊசிப்போச்சு’ என்று குத்தியிருப்பான். சந்தேகமே படாமல் குத்தியிருப்பான்.

அப்படியே செய்துவிட வேண்டியதுதான். ஒன்றும் தெரியாதவன் என்ன எழுதுவானோ அதை எழுத வேண்டும். நாளைக்கு விளையாட்டு வெளியாகும்போது அவன் ஊர் சிரிக்க மண்ணைக் கவ்வுவான். முத்திரை மாறியதில்லை என்கிற பேச்சு அன்றோடு முடிந்தது. அதை நினைத்தபோது நிஜமாகவே வலித்தது. வீடு வாசல், வண்டி வாகனம் என்று அவன் எதையும் சேர்த்து வைக்கவில்லை. இந்த ஒரு பெயரைத்தான் சேர்த்து வைத்திருந்தான். அதைக் கையாலேயே எடுத்து உடைக்க வேண்டும். அதோடு, அவனை நம்புகிற வாசகர்களுக்கு அறிந்தே ஒரு பொய்யைச் சொல்லப் போகிறான். சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டான்.

கடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தான். ஏனோதானோ என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். அதனால் நன்றாக எழுதினான். மூன்று பாகங்களிலும் மலைகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று விளக்கினான். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் உள்ள இடைவெளி, குதித்தால் எட்டாது, சுற்றினால் எட்டும் என்கிற அளவில்தான் எப்போதும் இருக்கும் என்று காட்டினான். நாயகி மிதந்தால் அந்த மலைகள் எல்லாம் வெறும் படிக்கட்டாகிவிடும் என்றான். பேட்டியில் வந்த வரியை எடுத்துப் போட்டான். தண்டோரா இதற்கு முன் அடித்துவிட்டு அழித்த செய்திகளையும் ஞாபகப்படுத்தினான். அந்த இடம் வரும்போது மட்டும் கை தானாகவே வேகமாக ஓடியது. கடைசியில், ‘மேகவாசல் வரும். நான் இன்னும் நம்புகிறேன். ஆனால் வந்தால் இப்படி வராது’ என்று முடித்து, முத்திரையைக் குத்தினான்: ஊசிப்போச்சு.

படித்துப் பார்த்தான். எழுதியதிலேயே ஆகச் சிறந்த கட்டுரை அது. எழுதியதிலேயே ஆகப் பெரிய பொய்யும் அது. அப்படியும் அதன் ஒரு பத்தியைத் திரும்பப் படிக்கும்போது, என்னமா எழுதியிருக்கிறேன் என்று தோன்றாமல் இல்லை. அவன் அப்படித்தான், என்ன செய்வது.

கட்டுரை பற்றிக்கொண்டது. இதுவரை அவனைப் படிக்காதவர்களெல்லாம் படித்தார்கள். மிதக்கிற மேகவாசல் சாத்தியமே இல்லை என்று அவன் சொன்னதை அவரவர் சொந்தக் கருத்துபோல் பேசித் திரிந்தார்கள். தண்டோராவின் பக்கத்தில் போய் அவரைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். இரண்டொரு நாளில் அவர் வழக்கம்போல் செய்தியை அழித்துவிட்டார். அவர் வாழ்நாளில் அடித்த உண்மையான செய்திகளில் அதுவும் ஒன்று. அதைப் பார்த்து வடிகட்டிக்கு முதல்முறையாக அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது.

அந்த வாரம் ஒருநாள் காலையில் தங்கை குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம் என்றாள் அம்மா. பிறகு தெரிந்தது, செய்தி கசிந்தது அவர்கள் அலுவலகத்திலிருந்தே இல்லை. விளையாட்டோடு சேர்த்து விற்கவிருந்த நாயகியின் பொம்மைக்கு அச்சு செய்து கொடுத்த பட்டறையில் யாரோ வாயைவிட்டிருக்கிறார்கள். அது தெரியவரும் முன்பே விசாரணை சூடு ஆறிப்போயிருந்தது.

கோடை முடிகிற நேரத்தில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் புது விளையாட்டுகளை அறிவிக்கும் நிகழ்ச்சி வந்தது. வடிகட்டி எப்போதும் அதைத் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பான். யாராவது குறுக்கே பேசினால் பிடிக்காது. இந்த முறை கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டு, அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்தான். அம்மா பேருந்துச் சீருடையைக்கூட மாற்றவில்லை. தங்கை சோபாவின் ஓரத்தில் காலைக் கட்டிக்கொண்டு, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்திருந்தாள். நடிப்பு சுமார்தான்.

நாலைந்து விளையாட்டுகள் வந்து போயின. பிறகு திரை வெளுத்தது. பனி. முதுகில் விளக்கோடு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறுகிறாள். மேகவாசல். அவள் முனைக்கு வந்து நின்றாள். எதிரே ஒன்றுமில்லாத பெருவெளி. ஓடிவந்து குதித்தாள்.

“ஐயோ, விழுறாளேடா!” என்று அம்மா அவன் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள்.

விழவில்லை. அவள் தோளிலிருந்த துணி படாரென்று விரிந்தது. காற்று அவளைத் தூக்கிக்கொண்டது. பள்ளத்தாக்கைத் தாண்டி வளைந்து போய், எதிர்ப் பாறையில் ஒரு கால் சறுக்கி, சமாளித்து நின்றாள். அந்தச் சறுக்கலும் சமாளிப்பும் அவ்வளவு இயல்பாக இருந்தது. அந்தத் துணி அந்த நொடியில் சரியாக விரிய வேண்டும் என்றால், யாரோ ஒருத்தி ஓயாமல் விழுந்து விழுந்து, இங்கே விரியவில்லை, அங்கே தாமதம் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி, என் தங்கச்சி என்று கத்தி, தெருவையே கூட்ட வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

அதற்குள் போன் துடிக்க ஆரம்பித்துவிட்டது. எடுத்துப் பார்த்தான். ஊரே அவன் பக்கத்தில் கூடியிருந்தது. ‘வடிகட்டிய முட்டாள் என்றால் இதுதான்.’ ‘வருடக்கணக்காகக் காத்திருந்துவிட்டு வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார் பாருங்கள்.’ ‘பறக்கத் தெரிந்தவளுக்கு மலை எதற்காம்?’ நடுவில் தண்டோராவும் வந்திருந்தார். ‘மன்னிப்பு எங்கே?’ என்று ஒரே வரி.

அவன் அங்கேயே உட்கார்ந்து எழுதினான். ‘நான் சொன்னது தப்பு. தண்டோரா சொன்னதே சரி. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எல்லோரிடமும்தான்.’ பக்கத்தின் உச்சியிலிருந்த வரியையும் எடுத்துவிட்டான். எடுக்கும்போது விரல் ஒரு கணம் தயங்கியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா, “அந்தப் பொண்ணு பறந்தா இவன் ஏன் மன்னிப்புக் கேக்குறான்?” என்று சொல்லிக்கொண்டே சீருடை மாற்ற உள்ளே போனாள்.

கூடத்தில் இருவரும் தனியாக இருந்தார்கள்.

“எப்ப தெரிஞ்சுது உனக்கு?” என்றாள் தங்கை.

“எது?”

“நடிக்காத அண்ணா. இப்ப பேசலாம். வெளிய வந்தாச்சு.”

“நீ மூணாவது தடவ விழுந்தப்ப.”

அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். “எனக்கும் அப்பவே தெரியும். நீ தண்ணி குடிக்கப் போனியே. விளையாடுறப்ப உனக்கு என்னிக்கு தாகம் எடுத்திருக்கு? அன்னிலேர்ந்து தினமும் எழுந்ததும் உன் பக்கத்தத்தான் மொதல்ல பாப்பேன். பல்லுகூட வெளக்க மாட்டேன்.”

“என்ன நம்பலயா நீ?”

“உன்ன நம்புனேன். வடிகட்டியத்தான் நம்பல.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“அந்தக் கட்டுர வந்தன்னிக்கு,” என்றாள், “மேலாளர் அத எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினாரு. நாங்க செஞ்சிட்டிருக்கிற விளையாட்டு சாத்தியமே இல்லன்னு ஒருத்தர் நிரூபிச்சிட்டாருன்னு. எல்லாரும் வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் என்னப் பாத்து, ‘பாவம், உங்க அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது போலயே. உங்களப் போய் சந்தேகப்பட்டோமே’ன்னாரு. எனக்குத் தெரியும் அண்ணா, நீ ஏன் எழுதினேன்னு. ஒவ்வொரு வரியும் எனக்காக எழுதினதுன்னு தெரியும். ஆனா எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் சும்மா இருக்க முடியல. நானும் உன்னப் பாத்து சிரிச்சேன்.” குரல் உடைந்துவிட்டது. “சிரிக்கலன்னா சந்தேகம் வந்துடும்னு சிரிச்சேன்.”

அவன் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“நல்லாச் சிரிச்சியா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். “எல்லாரையும்விட சத்தமா.”

“அப்ப சரி” என்றான். அவ்வளவு பெருமையாக அவன் தன் வாழ்நாளில் எதையும் சொன்னதில்லை.